இரண்டு முள் ரிசீவர்

அன்புள்ள சுந்தரம்,

கடிதமும் படங்களும் கிடைத்தன. கண் அறுவைக்குப் பிறகு நீயே கைப்பட எழுதியிருப்பதைப் பார்த்து மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. அந்த வால்வு ரிசீவரின், அதாவது கண்ணாடிக் குழாய்களில் ஓடும் அந்தப் பழைய ரேடியோப் பெட்டியின், படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஏ.எம்.முக்கு ஒரு முள், எஃப்.எம்.முக்கு ஒரு முள், தனித்தனியாகத் திருப்பும்படி எதற்கு வைத்தார்கள் என்று கேட்டிருக்கிறாய். ஸ்டீரியோ கேட்கத்தான். 1950களில் அமெரிக்க நிலையங்கள் சில, இடப்பக்க ஒலியை ஒன்றிலும் வலப்பக்க ஒலியை மற்றொன்றிலுமாக ஒரே நேரத்தில் அனுப்பின. நியூயார்க்கின் டபிள்யூ.க்யூ.எக்ஸ்.ஆர். நிலையம் 1952இலேயே இதைச் செய்தது. ஜனங்கள் இரண்டு ரேடியோவைத் தள்ளித் தள்ளி வைத்துக் கேட்டார்கள். ஹார்மன் கார்டன் நிறுவனம் 1958இல் விற்ற ஃபெஸ்டிவல் டி.ஏ.230 என்ற ரிசீவர் அந்த இரண்டையும் ஒரே பெட்டியில் அடக்கியது. உன்னுடையதும் அந்தக் காலத்துச் சரக்குதான்.

ஆனால் ஏ.எம். பக்கம் எப்போதும் மங்கலாக, கரகரவென்று இருக்கும். அதைவிடப் பெரிய குறை, ஒரே ரேடியோ வைத்திருந்தவர் காதில் பாதிக் கச்சேரிதான் விழும்.

1961இல் அமெரிக்க அரசின் தகவல்தொடர்பு ஆணையம் ஏற்ற, ஜெனித், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனங்களின் முறை இதை எவ்வளவு அழகாகத் தீர்த்தது பார். இடப்பக்க ஒலியையும் வலப்பக்க ஒலியையும் கூட்டி, ஒரே எஃப்.எம். நிலையத்தில் வழக்கமாக ஒலி போகும் வழியிலேயே அனுப்பினார்கள். பழைய ரேடியோக்காரருக்கு முழுக் கச்சேரியும் கேட்கும். இடப்பக்க ஒலியிலிருந்து வலப்பக்க ஒலியைக் கழித்து வருவதை, அதே அலையில் 38 கிலோஹெர்ட்ஸில், காது எட்டாத உயரத்தில் ஏற்றினார்கள். கூடவே 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய வழிகாட்டி ஒலி. ரிசீவர் அதை இரட்டித்து 38ஐப் பிடிக்கும். பிறகு இரண்டையும் கூட்டினால் இடப்பக்க ஒலி, கழித்தால் வலப்பக்க ஒலி. பள்ளிக்கூடக் கணக்குதான், நினைக்க நினைக்க இன்னும் எனக்குப் புல்லரிக்கிறது. இன்றைக்கும் எஃப்.எம். ஸ்டீரியோ இதே முறையில்தான் வருகிறது. மர்ரே கிராஸ்பி என்ற பொறியாளர் போட்டியாகக் கொடுத்த முறையும் கூட்டல் கழித்தல்தான், அதில் இரைச்சல் இன்னும் குறைவு. ஆனால் நிலையங்கள் அதே அலையில் கடைகளுக்குப் பின்னணி இசை அனுப்பிச் சம்பாதித்துக்கொண்டிருந்தன, அதற்கு அவர் முறையில் இடம் இல்லை. இரைச்சலை மட்டும் பார்த்தால் என் ஓட்டு கிராஸ்பிக்கே.

சரி, முக்கியமான விஷயம். அதை இன்னும் மின்சாரத்தில் செருகாதே. அமெரிக்காவின் 117 வோல்ட்டுக்குச் செய்த பெட்டி அது. உள்ளே 400 வோல்ட் வரை ஓடும், அணைத்த பிறகும் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கண்டென்சரில் நிற்கும். இத்தனை வருஷத்தில், ஒரு வால்விலிருந்து அடுத்ததற்கு ஒலியைக் கடத்தும் கப்ளிங் கண்டென்சர்கள் கசிய ஆரம்பித்திருக்கும். கசிந்தால் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வு சிவக்கச் சிவக்கக் காயும், அப்புறம் டிரான்ஸ்ஃபார்மரும் போய்விடும். வால்வு எப்படியும் தேடினால் கிடைக்கும், அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு எங்கே போவது? வால்வு வேலை தெரிந்தவரிடம் கொடுத்துக் கண்டென்சர்களையும், மின்சாரத்தை ஒரே திசையில் ஓடவைக்கும் செலினியம் ரெக்டிஃபையர் இருந்தால் அதையும் மாற்றிக்கொள். அதற்குப் பிறகும் ஸ்பீக்கர் மாட்டாமல் போடவே கூடாது.

பின்பக்கம் மல்டிபிளெக்ஸ் என்று எழுதிய துளை இருக்கிறதா என்று பார்த்து எழுது. இருந்தால், நான் சொன்ன கூட்டல் கழித்தலைச் செய்து இரண்டு பக்க ஒலியையும் பிரித்துத் தரும் பழைய வால்வு அடாப்டர் ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது, அதை அனுப்புகிறேன். அதை மாட்டினால் உன் பெட்டியிலும் எஃப்.எம். ஸ்டீரியோ வரும்.

அன்புடன்,
ராகவன்