தனியாக நிற்பதென்றால் ஐந்து எண்கள்

அன்பு மகள் யாழினிக்கு,

2028 செப்டம்பரில், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துச் சுரங்க ஊரான புரோக்கன் ஹில்லின் நகரசபைக்கு நிற்கப் போவதாக எழுதியிருந்தாய். எந்தக் குழுவிலும் சேராமல் தனியாக நிற்பேன் என்ற வரியை மட்டும் இரண்டு முறை படித்தேன். தாராளமாக நில். ஆனால் அந்த ஊரில் யார் ஜெயிப்பது என்பதை ஆள் பாதி, ஓட்டு விதி பாதி என்றுதான் முடிவு செய்து வந்திருக்கிறது.

சார்ல்ஸ் ராஸ்ப் என்பவர் அங்கிருந்த குன்றில் சுரங்க உரிமை பதிந்தது 1883-இல். ஐந்தே வருடத்தில், 1888-இல், சபை வந்துவிட்டது. அன்றைக்கு ஓட்டு ஆளுக்கு இல்லை, சொத்துக்கு. வரி கட்டுபவர் மட்டுமே போடலாம். சொத்து மதிப்பு ஏற ஏற ஒருவருக்கே நான்கு ஓட்டு வரை. அப்படியும் 1900-இல் லேபர் கட்சியின் ஜேபஸ் ரைட் மேயராகிவிட்டார். வயது வந்த எல்லோருக்கும் உள்ளாட்சி ஓட்டு என்பது 1941-இல்தான் நியூ சவுத் வேல்ஸில் சட்டமானது. பெண்கள் நிற்கலாம் என்று 1918-இலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்த ஊரில் ஒரு பெண், டாரியா டர்லி, முதன்முதலாக மேயரானது 2016-இல்தான். இதில் வியப்பில்லை. தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான பேரியர் இண்டஸ்ட்ரியல் கவுன்சில் பல பத்தாண்டுகள் கல்யாணமான பெண்களை வேலைக்கே விடாத ஊர் அது. அந்தக் காலத்தில் சபையை விட அந்தக் கவுன்சிலின் பேச்சுக்கே மரியாதை அதிகம். ‘ஆல்டர்மேன்’ என்ற பழைய பட்டம் 1993 சட்டத்தோடு போனது. இப்போது எல்லோரும் கவுன்சிலர்.

இனி உன் விஷயம். மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்; அவர் தவிர ஒன்பது கவுன்சிலர். வார்டு கிடையாது, ஊர் முழுக்க ஒரே தொகுதி. வெற்றிக்கு வேண்டிய எண்ணிக்கைக்குக் கணக்கு எளிது: செல்லும் ஓட்டுகளைப் பத்தால் வகு, ஒன்றைக் கூட்டு. பத்தாயிரம் செல்லும் ஓட்டு விழுந்தால் 1,001. வாக்காளர் தன் விருப்ப வரிசையில் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று எண் போடும் முறை இது; ‘1’ என்று விழும் முதல் விருப்ப ஓட்டிலேயே இந்த எண்ணிக்கை கிடைக்காது. மற்றவர்களுக்கு ‘1’ போட்ட வாக்குச் சீட்டுகளில் இரண்டாவதாக, மூன்றாவதாக உன் பெயர் இருந்தால்தான் எட்டுவாய்.

தனியாக நிற்பவர்கள் சறுக்குவது வேறோர் இடத்தில். வாக்காளர் கையில் இரண்டு சீட்டு கொடுப்பார்கள். மேயர் சீட்டில் ‘1’ மட்டும் எழுதினால் போதும். கவுன்சிலர் சீட்டின் குறுக்கே ஒரு கோடு இருக்கும்: மேலே குழுக்களின் கட்டம், கீழே வேட்பாளர்களின் பெயர். கோட்டுக்கு மேலே குழுவின் கட்டத்தில் ‘1’ போட்டாலும் போதும். ஆனால் அந்த மேல் கட்டம் கிடைக்கக் குழுவில் குறைந்தது ஐந்து பேர் வேண்டும். தனியாளுக்குக் கோட்டுக்குக் கீழேதான் இடம். அங்கே குறைந்தது ஐந்து பேருக்கு 1 முதல் 5 வரை எண் எழுதியாக வேண்டும். உன்மேல் பிரியம் வைத்த பாட்டி ஒருவர் மேயர் சீட்டில் எழுதிய கை வழக்கத்தில் உன் பெயருக்கு நேரே ‘1’ மட்டும் எழுதி மடித்துப் போடுவார். அந்தச் சீட்டு செல்லாது. யார் மீதும் குற்றமில்லை, ஓட்டுதான் போயிற்று. ஆகையால் துண்டுப் பிரசுரத்தில் உன் படத்தைச் சின்னதாக்கி, ஐந்து கட்டமும் நிரப்பிய மாதிரிச் சீட்டைப் பெரிதாகப் போடு. மற்ற நான்கு பேர் யாரென்று நீயே சொல்ல வேண்டும். அவர்களோடு முன்கூட்டிப் பேசி, அவர்கள் பிரசுரத்திலும் உன் பெயரை வாங்கிவிடு. முடிந்தால் இன்னும் நால்வரைச் சேர்த்துக் குழுவாகவே நில். கொள்கை கெட்டுவிடாது.

தோற்றாலும் முகவரியை மாற்றிவிடாதே. தேர்தல் முடிந்து 18 மாதத்துக்குள் ஓரிடம் காலியானால், முதல் கூட்டத்திலேயே சபை அப்படித் தீர்மானித்திருந்தால், பழைய சீட்டுகளையே மறுபடி எண்ணி ஆளெடுப்பார்கள். விண்ணப்பித்தவர்களைத்தான் கணக்கில் சேர்ப்பார்கள்.

வாசலில் ஜனங்கள் தண்ணீரைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். வாக்குக் கொடுத்துவிடாதே. மற்ற பல நாட்டுப்புற ஊர்களில் தண்ணீர் சபையின் பொறுப்பு. இங்கே அது எசென்ஷியல் வாட்டர் என்ற நிறுவனத்திடம். 2019 முதல் முர்ரே ஆற்றிலிருந்து சுமார் 270 கிலோமீட்டர் குழாயில் வருகிறது. சபையின் கையில் இருப்பது சாலை, குப்பை, நூலகம், மணலைத் தடுக்க ஊரைச் சுற்றிச் செடிகளை வளரவிட்ட பசுமைக் காப்பிடத்தின் கம்பி வேலி மாதிரியானவை. அந்த வேலியைச் சாதாரணமாக நினைக்காதே: 1936-இல் ஆல்பர்ட் மோரிஸ் தொடங்கிய வேலை அது. கம்பியில் ஓட்டை விழுந்தால் முயலும் ஆடும் உள்ளே வரும், செடி போகும், மணல் வீட்டுத் திண்ணைக்கு வரும். அதையும்கூட நீ நேரில் போய் ஊழியரிடம் ‘சரி செய்’ என்று உத்தரவிட முடியாது. ஊழியர் பொது மேலாளருக்குக் கீழே. கவுன்சிலர் தீர்மானம்தான் கொண்டு வரலாம். இந்த எல்லையை மறந்தால் சச்சரவுதான் மிஞ்சும். விசாரணைக்குப் பிறகு 2007 ஜனவரியில் மாநில அரசு அந்தச் சபையையே கலைத்தது. 2008 செப்டம்பர் வரை தேர்ந்தெடுத்த ஆள் ஒருவரும் இல்லாமல் நிர்வாகி ஒருவரே நடத்தினார்.

வேட்புமனுவுக்கு அங்கேயே பதிவான வாக்காளர் இருவர் முன்மொழிய வேண்டும். டெபாசிட் 125 டாலர். நன்கொடையாக ஒரு டாலர் வாங்குமுன் மாநிலத் தேர்தல் ஆணையத்தில் பதிந்துவிடு. இன்னொன்று: உங்கள் ஊர்க் கடிகாரம் அடிலெய்டு நேரம், மாநிலத் தலைநகர் சிட்னி அரை மணி முன்னால் ஓடுகிறது. கடைசி நாள் நண்பகல் என்று போட்டிருந்தால் முதல் நாளே கொடுத்துவிடு.

அப்பா