புடவைக்கடை உரிமையாளர் சங்கம், ஹற்றன்: 2024/25 செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளோர் அவர் எழுவதற்குள் செலுத்திவிட்டால் பெயர்கள் வாசிக்கப்படமாட்டா.

இவ்வாண்டு கூட்டங்களில் அதிகம் அடிபட்டது சேலையோ சாரமோ அல்ல, உள்ளாடையும் விளையாட்டு உடையும்தான். முன்பெல்லாம் தோட்டத்தில் தரும் தீபாவளி முற்பணத்தில் சேலை எடுத்து மிஞ்சிய காசுக்குத்தான் பெனியனும் ஜட்டியும். இப்போது பிள்ளைகள் கம்பனிப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையில் அக்கா தைப்பது அதே பெயருக்குத்தானே! விக்டோரியாஸ் சீக்ரட், நைக்கி, லுலுலெமன் எல்லாம் இந்நாட்டிலும் தைக்கப்படுபவை. 1987இல் தொடங்கிய நம் நாட்டு ஆடை நிறுவனம் எம்.ஏ.எஸ். 2007இல் அமான்டே என்ற சொந்தப் பெயரில் உள்ளாடையை இந்தியாவில் இறக்கியது. 2021இல் அந்தப் பெயர் இந்தியாவின் ரிலையன்ஸ் கைக்குப் போனது. தைக்கத் தெரிந்த நாட்டுக்குப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லையே என்பது என் ஆதங்கம். ஜொக்கி 1876இல் அமெரிக்காவில் காலுறைக் கம்பனியாகத் தொடங்கியதுதான், ஜட்டி வந்தது 1935இல். ஆகவே பஸ் நிலையத்தில் காலுறை விற்கும் நம் உறுப்பினர்கள் மனம் தளரவேண்டாம்.

நம் ஊரில் இந்த விற்பனைக்கு மழையும் ஒரு காரணம். பருத்திப் பெனியன் தோட்டத்து லய வீட்டுக் கொடியில் மூன்று நாள் கிடந்தாலும் ஈரம் போகாது. ஸ்பான்டெக்ஸ் கலந்த பொலியெஸ்டர் அடுப்படியில் ஒரே இரவில் காய்ந்துவிடும். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் குளிருக்கும் அட்டைக்கடிக்கும் லெகின்ஸ் கேட்கிறார்கள்.

கொழும்புப் புறக்கோட்டை மொத்த வியாபாரி ஒருவர் 'கார்மெண்ட் மிச்சம்', அதாவது ஏற்றுமதித் தொழிற்சாலையில் மிஞ்சிய உடுப்பு, என்று தள்ளிவிட்ட போலிச் சரக்கு பல கடைகளுக்குத் தலைவலியானது. இரண்டு சலவையில் இடுப்பு இலாஸ்டிக் அலை அலையாக நெளிந்துபோனது. எடுக்கும்போதே பட்டியை இரு விரலால் இழுத்து விட்டுப் பாருங்கள். அசல் சட்டென்று பழைய அளவுக்கு வந்துவிடும், போலி சோம்பலாகத் திரும்பும். லேபல் வெட்டிய அசல் மிச்சத்தை மிச்சம் என்றே சொல்லி விற்கத் தீர்மானித்தோம்.

பெண்கள் உள்ளாடைப் பகுதியில் பெண் ஊழியர் இருக்கவேண்டும் என்ற தீர்மானத்துக்குச் சிலர் முகம் சுளித்தார்கள். செய்து பார்த்த கடைகளில் அளவு மாற்ற வந்து நிற்போர் குறைந்துவிட்டார்கள். ஆண் பையனிடம் அளவு சொல்லக் கூசி, கைக்குக் கிடைத்ததை எடுத்துப் போனவர்கள்தானே அவர்கள்.

கணக்காண்டு முடிந்த கையோடு, 2025 ஏப்ரலில் அமெரிக்கா நம் ஏற்றுமதிக்கு 44 வீத வரி அறிவித்தது. ஓகஸ்டில் அது 20 வீதமாக இறங்கியது. இது கொழும்பு முதலாளிமார் கவலை மட்டுமல்ல. ஓடர் குறைந்தால் ஓவர்டைம் குறையும், அங்கே தைக்கும் நம் பிள்ளைகள் லயத்துக்கு அனுப்பும் காசு குறையும். அது அதே மாதம் நம் கல்லாவில் தெரியும். தீபாவளிக்குக் கடனில் சரக்கெடுப்போர் இதை மனதில் வைத்து எடுங்கள்.

அடுத்து நிர்வாகத் தெரிவு. செயலாளர் பதவிக்கு யாரேனும் முன்வந்தால் கோப்புகளையும் அலுமாரித் திறப்பையும் இன்றே ஒப்படைக்கிறேன்.

செயலாளர்