சுரேஷ் குடிக்கவில்லை

அன்பின் ரவி,

நலம், நலமறிய ஆவல். சம்பிரதாயம் முடிந்தது.

சுரேஷ் குடிக்கத் தொடங்கிவிட்டான் என்று உனக்குச் செய்தி வந்திருக்கும். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் நடப்பது எனக்குத் தெரியுமுன் மட்டக்களப்பில் உன் அம்மாவுக்குத் தெரிந்துவிடுமே! அவன் ஒரு சொட்டும் தொடவில்லை. நடை தள்ளாடியது, நாக்குக் குழறியது, ஓட்டோக்காரர் ஏற்ற மறுத்தார், எல்லாம் உண்மைதான். காரணம் அவன் போடுகிற வலிப்புக் குளிசை.

பல வருடமாகப் பெனிட்டோயின் 300 மில்லிகிராம் போட்டு வந்தான். அண்மையில் திரும்பவும் வலிப்பு வந்ததால் 400 ஆக்கினார்கள். கூடியது மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் இரத்தத்தில் மருந்தின் அளவு லீட்டருக்கு முன்பு 9 மில்லிகிராமாக இருந்தது, இப்போது 31! வழக்கமாக 10க்கும் 20க்கும் இடையில் நிற்க வேண்டிய அளவு அது. பக்கவாட்டில் பார்க்கச் சொன்னபோது கருவிழி துடித்து ஆடியதைக் கண்டே டொக்டர் சொல்லிவிட்டார், இரத்த முடிவு வருமுன்பே.

இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவே இல்லை. கணேசன் சேர் இருந்திருந்தால் கரும்பலகையை நோக்கி என்னைத் துரத்தியிருப்பார். டொக்டர் பொறுமையாக விளக்கினார். அநேக மருந்துகளில் நாம் கூட்டிக் கொடுத்தால் உடம்பும் அதே விகிதத்தில் கூடுதலாக வெளியேற்றும். பெனிட்டோயினை உடைக்கிற கல்லீரல் நொதிகளின் வேலைக்கோ ஒரு எல்லை உண்டு. காலையில் காலிக்குப் போகும் எங்கள் பெருவீதி நிரம்புமுன் எத்தனை வாகனம் வந்தாலும் ஓடும். நிரம்பியபின் பத்து வந்தாலே வெள்ளவத்தை அசையாது. அந்த எல்லைதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. முக்கியமான நொதி சி.வை.பி. 2சி9. அது மந்தமாக வேலைசெய்யும்படியான மரபணுவோடு பிறக்கிறவர்கள் இருக்கிறார்கள். மற்றவனுக்கு அளவான குளிசை அவர்களுக்கு நஞ்சாகிவிடும். காசநோய்க்குக் கொடுக்கிற ஐசோனியசிட் சேர்ந்தாலும் பெனிட்டோயின் உடம்பில் தேங்கும்.

உன் அம்மா என்ன சொன்னார் தெரியுமா? “எங்கட வாசன் 400 போடுறான், அவனுக்கு ஒண்டும் இல்லையே!” வாசனுடைய கல்லீரல் வாசனுடையது என்றேன். கேட்டால்தானே! அடுத்த அழைப்பில், “அப்ப எல்லாத்தையும் நிப்பாட்டச் சொல்லு.”

ரவி, இதில் விளையாட்டு வேண்டாம். வலிப்புக் குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சுரேஷுக்குக் குறைத்ததுகூட டொக்டர் கணக்குப் பார்த்துத்தான். இனிக் கூட்டுவதென்றால் 25, 30 என்று சின்னப் படிகளாம்.

இவ்வளவும் எழுதியது உன் தங்கைக்காக. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற மாலா, லமோட்ரிஜின் என்ற வேறு வலிப்புக் குளிசை போடுகிறாள் அல்லவா? எங்கள் டொக்டரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், அதன்பின் எனக்கு நித்திரை இல்லை. அந்த மருந்தின் கதை இன்னும் விசித்திரம். தனியாகப் போட்டால் அதன் பாதி உடம்பைவிட்டுப் போக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். வல்ப்ரோவேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தும் சேர்ந்தால் இரண்டு நாளுக்கும் மேல். கார்பமாசெப்பின் என்ற வலிப்பு மருந்து சேர்ந்தால் நேரெதிர், பாதி நாளைவிடக் கொஞ்சம்தான் கூட. கர்ப்பத்திலோ உடம்பு அதை விறுவிறென்று வெளியேற்றத் தொடங்கிவிடும். அவள் ஒரு குளிசையும் தவறவிடாமல் போட்டுக்கொண்டிருப்பாள், இரத்தத்தில் அளவு மட்டும் இறங்கிக்கொண்டே போகும். அதனால் பலருக்கு மாதம் ஏற ஏறக் கூட்ட வேண்டி வரும். பிள்ளை பிறந்ததும் சில வாரத்துக்குள் உடம்பு பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். அப்போது குறைக்காவிட்டால் சுரேஷைப் போலத் தலைசுற்றித் தள்ளாடுவாள், அதுவும் கையில் குழந்தையோடு.

வயிற்றில் பிள்ளை என்று குளிசையைப் பாதியாக்கச் சொல்ல உங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போதே இரத்த அளவு பார்க்க முடியுமா என்று கேட்கும்படி மாலாவிடம் சொல். இப்போதைய அளவு கையில் இருந்தால்தான் பிறகு எவ்வளவு இறங்கியது என்று ஒப்பிடலாம். பிரசவத்துக்குப் பின் எப்படிக் குறைப்பது என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்கட்டும். அங்கே பரிசோதனை வசதி இல்லையென்றால் கொழும்புக்கு அனுப்பு, எங்கள் வீட்டில் தங்கலாம். அவளது கிளினிக் கொப்பியைப் படமெடுத்து இன்றைக்கே அனுப்பிவிடு; வழக்கம்போல் “நாளைக்கு மச்சான்” வேண்டாம்.

சுரேஷ் இப்போது நேராக நடக்கிறான். அந்த ஓட்டோக்காரரோடு மட்டும் இன்னும் கோபம்.

உன்,
ஜெயா