கண்ணீர்க் கணக்கு சொல்லிப் புத்தகம் பரிந்துரைப்பவர்களுக்கு

அன்புள்ள சக வாசகர்களே,

ஹன்யா யானகிஹாராவின் 'எ லிட்டில் லைஃப்' நாவலைப் பற்றி நீங்கள் பேசும்போதெல்லாம் எனக்கு ஒரே ஒரு தகவல்தான் கிடைக்கிறது: எத்தனை முறை அழுதீர்கள் என்பது. படிக்கும் முன் சிரித்த முகம், முடித்த பின் வீங்கிய கண்கள் என்று வீடியோவும் போடுகிறீர்கள். உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கும் கிடையாது. "நட்பைப் பத்தின கதை, செமயா அழுவே, படி" என்று சொல்லி ஒரு தோழியிடம் அதைக் கொடுத்தவன் நான்.

மூன்று வாரம் கழித்துத் திருப்பித் தந்தாள். பாதிகூடத் தாண்டவில்லை. "உள்ள என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். அதற்குமேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

2015இல் வந்த நாவல், 700 பக்கங்களுக்கு மேல், அந்த ஆண்டு புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இருந்தது. நியூயார்க்கில் பிழைக்க வரும் நான்கு கல்லூரி நண்பர்கள். வாடகைக்கு வீடு தேடுவதில்தான் கதை தொடங்குகிறது. சிரித்துக்கொண்டே படிக்கலாம். அப்புறம் ஓர் இரவு, நால்வரில் ஒருவனான ஜூட், தூங்கிக்கொண்டிருக்கும் நண்பன் வில்லெமை எழுப்புகிறான். கையைச் சுற்றித் துண்டு, துண்டில் ரத்தம். ஏதோ விபத்து என்கிறான். அந்த நிலையிலும் அவன் வாயிலிருந்து வருவது மன்னிப்புதான். நாவல் முழுக்க இந்த மனிதன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறான், உயிரோடு இருப்பதே பிறருக்குத் தொல்லை என்பதுபோல.

நான் உடைந்தது அங்கே இல்லை. போதையில் சீரழிந்துகொண்டிருக்கும் ஜேபியைக் காப்பாற்ற நண்பர்கள் போகிறார்கள். அவனோ ஜூட் கண்ணெதிரிலேயே, ஜூட் நொண்டி நடப்பதை நடித்துக் காட்டுகிறான். குழந்தைப் பருவத்தில் ஜூடுக்கு நடந்த கொடுமைகளை எப்படியோ கடந்துவிட்டேன். இந்த ஒரு நிமிடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கொடுமைக்காரர்கள் செய்ததற்கும் நண்பன் செய்ததற்கும் உள்ள வித்தியாசம் அப்படி.

நட்பு என்றால் நமக்குக் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நினைவுக்கு வருவார்கள். ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. உண்ணாமல் உயிர்விட வடக்கிருக்கும்போது 'அவன் வருவான், இடம் ஒதுக்குங்கள்' என்கிறான் சோழன், அவரும் வந்துவிடுகிறார். இந்த நாவல் கேட்பது அதற்கு அடுத்த கேள்வி. நண்பன் வந்துவிட்டான், பக்கத்திலேயே இருக்கிறான், வருடக்கணக்கில் இருக்கிறான், அப்படியும் இவனுக்கு வாழப் பிடிக்கவில்லை என்றால்?

இதை விட்டுவிட்டு நாம் கண்ணீரை எண்ணிக்கொண்டிருக்கிறோம். அழவைப்பது அவ்வளவு பெரிய வித்தை இல்லை. சொல்லப்போனால், கடைசி மூன்றில் ஒரு பகுதியில் ஆசிரியர் அதை அளவுக்கு மீறியே செய்கிறார் என்பது என் எண்ணம். ஜூடின் துன்பத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி அவருடைய எடிட்டரே கேட்டாராம், அவர் மறுத்துவிட்டார். அந்தப் பிடிவாதத்தை மதிக்கிறேன், ஆனால் எடிட்டர் பக்கம்தான் நான்.

சரி, நான் கேட்பது இதுதான். அடுத்த முறை இந்தப் புத்தகத்தை யாருக்காவது நீட்டும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். குழந்தைமீதான பாலியல் கொடுமை, தன்னைத்தானே வெட்டிக்கொள்வது, தற்கொலை. மூன்றும் விரிவாக, திரும்பத் திரும்ப வருகின்றன. சொன்னால் சஸ்பென்ஸ் கெட்டுவிடும் என்பீர்கள். கெடாது. துண்டில் ரத்தத்தோடு ஜூட் நிற்பது முதல் பகுதியிலேயே வந்துவிடுகிறது. ஆசிரியரே அதை ஒளித்துவைக்கவில்லை. "இப்ப வேணாம்" என்று எதிரில் இருப்பவர் சொன்னால் புத்தகத்தை அலமாரியில் திரும்ப வையுங்கள். அது எங்கும் ஓடிவிடாது.

தோழியிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றாள். நான்கு நாள் கழித்து மறுபடியும் கேட்டேன். "நீ ஜூட் மாதிரி ஆரம்பிக்காத" என்றாள். அப்புறம், கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த வில்லெம் நல்லவன்தானே? கடைசிவரைக்கும்?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். மீதியைச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்