ஏரியோடு அதன் உயிர்களையும் மீட்போம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டாரத்தில் நம் ஏரி நிரம்பிக் கோடி போய் (உபரி நீர் வழிந்து) வருஷக்கணக்காகிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வருஷமும் நம் ஏரி பாதிதான் நிரம்பியது. நீர்வரத்துக் கால்வாய் நெடுகச் சீமைக் கருவேலம் மண்டிக் கிடப்பதே காரணம். அதை எடுக்க ஊராட்சியில் தீர்மானம் போட்டாகிவிட்டது. மேலே வெட்டினால் மறுபடி துளிர்த்துவிடும் என்பதால் வேரோடு தோண்டியாக வேண்டும். பெரிய செலவு அதில்தான். பறவைகள் கூடு கட்டியிருக்கும் மரங்களை மட்டும் இந்த வருஷம் விட்டுவைக்கிறோம்.

தண்ணீர் வந்துவிட்டால் போதும், மரம், பறவை, வண்டு என்று மற்றதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நம் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரி புவிசார் குறியீடு வாங்கிய காய். அதன் பூ ஒன்றைப் பறித்துப் பாருங்கள். நடுவில் மஞ்சளாகக் கூம்பி நிற்கும் மகரந்தப் பைகள் வெடித்துத் திறக்காது. நுனியில் சின்னத் துளை மட்டும் இருக்கும். கருவண்டு வந்து அந்தக் கூம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைக்கும். ரீங்காரம் நமக்கே கேட்கும். உப்புச் சாடியைக் கவிழ்த்து உதறினாற்போல மகரந்தம் கொட்டும். காற்று அசைத்தாலும் கத்தரி காய்க்கும்தான், ஆனால் இந்த வண்டு வந்துபோனால் காய்ப்பிடிப்பு கூடும். வண்டு என்று நாம் சொன்னாலும் அது தேனீ இனம். பட்ட மரத்தைக் குடைந்து அதற்குள் முட்டையிடும். கரையில் பட்டுப்போய் நிற்கும் மரத்தையெல்லாம் விறகுக்கு வெட்டிவிட்டால் அது எங்கே போகும்? அதனால் பட்ட மரங்களில் சிலவற்றைத் தொடாமல் விடுவது என்று முடிவெடுத்திருக்கிறோம்.

பனையும் வேண்டும். தூக்கணாங்குருவி நெல் தாளையும் புல்லையும் கீறிக் கூடு பின்னிப் பனை மட்டையில் தொங்கவிடும். அது நெல்லைக் கொத்துகிறது என்று கோபப்படுகிறோம். குஞ்சுகளுக்கு அது ஊட்டுவது பூச்சிகளை. இலுப்பைப் பூவைத் தேடி இரவில் வௌவால் வரும்; மகரந்தம் சேர்ப்பதும் கொட்டையைப் பரப்புவதும் அதுதான். ஏரியின் உள்வாயையும் (தண்ணீர் நிற்கும் உட்பகுதியையும்) ஒரே மட்டமாக வெட்டப் போவதில்லை. ஓரத்தில் ஆழம் குறைவாக, கோரை வளரும்படி விடுகிறோம். தட்டான் முட்டையிடுவது அங்கேதான். அதன் குஞ்சுகள் தண்ணீருக்குள் இருந்தபடியே கொசுப் புழுக்களைத் தின்னும்.

கால்வாயைத் தூர்வாரிக் கருவேலத்தை வேரோடு எடுக்க, ஜேசிபி வாடகையும் ஆள் கூலியும் சேர்த்து 2,80,000 ரூபாய். இலுப்பை, நீர்மருது, புங்கன், அத்தி என 300 கன்றுகளுக்கு முள்வேலியும் இரண்டு கோடைக்குத் தண்ணீரும் சேர்த்து, கன்றுக்கு 400 வீதம் 1,20,000 ரூபாய். காவலுக்கு 50,000. ஆக மொத்தம் 4,50,000 ரூபாய். பனைக்குச் செலவில்லை. ஆவணியில் பழம் விழும்போது கொட்டை பொறுக்கிக் கொடுங்கள், பிள்ளைகளை வைத்தே கரை நெடுக ஊன்றிவிடலாம்.

ஆயக்கட்டில் (ஏரிப் பாசனப் பரப்பில்) நிலம் உள்ளவர்கள், இல்லாதவர்கள், ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள், சென்னை, பெங்களூரில் குடியேறிவிட்டவர்கள் என எல்லோரிடமும் கேட்கிறோம். ஒரு கன்றுக்கான 400 ரூபாயும் எங்களுக்குப் பெரிதுதான். பணமாக முடியாதவர்கள் டிராக்டரோ ஒரு நாள் உழைப்போ தரலாம். ஆனி முடிவதற்குள் பணம் சேர்ந்தால்தான் ஐப்பசி மழைக்கு முன் கால்வாய் தயாராகும். கொடுப்பவர்கள் ரசீது இல்லாமல் கொடுக்க வேண்டாம். வரவு செலவு முழுவதையும் அக்டோபர் 2 கிராமசபையில் வாசிப்போம்; வெளியூர்க்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைப்போம்.

இப்படிக்கு,
ஏரி மீட்புக் குழுவினர்