ஜூரி எண் 23

ஆஸ்டின், டெக்சாஸ்
17 நவம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கோமதி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லாரும் நலம். அம்மாவின் முட்டுவலிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். போனில் சொன்னால் பாதிதான் உங்கள் காதில் விழுகிறது. மீதியை அம்மா தன் இஷ்டத்துக்கு மாற்றிச் சொல்கிறாள். போன தடவை பேத்திக்குப் பல் விழுந்ததைச் சொல்லப்போய், கீழே விழுந்துவிட்டாள் என்று ஊரெல்லாம் பரவிவிட்டது. அதனால் இந்தச் சேதியைக் கடிதமாகவே எழுதுகிறேன்.

எனக்குக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது.

பதறாதீர்கள். பிரதிவாதியாகவும் இல்லை, சாட்சியாகவும் இல்லை. ஜூரியாக, அதாவது வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுஜனங்களில் ஒருத்தியாக வரச் சொல்லி! போன வருஷம் இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினேன் அல்லவா, அதற்கு 100 கேள்வி-பதில் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். அதிகாரி அதிலிருந்து பத்து வரை கேட்பார், ஆறு சரியாகச் சொன்னால் பாஸ் என்றார்கள். "குடிமக்களுக்கு மட்டுமே உள்ள பொறுப்பு ஒன்று சொல்" என்பது அதில் ஒரு கேள்வி. ஜூரியில் உட்காருவது என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். இப்போது அதுவே தபாலில் வந்து நிற்கிறது. சும்மா சொல்லக்கூடாது, பெருமையாகவும் இருந்தது. பகத் சிங் திண்ட் என்ற சீக்கியர் இந்த நாட்டு ராணுவத்தில் சேர்ந்திருந்தவர். அவர் வெள்ளையர் இல்லை, அதனால் குடியுரிமை கிடையாது என்று 1923-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. இந்தியர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட சட்டம் 1946-ல்தான் வந்தது. நீங்கள் பிறந்த வருஷம்.

மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கைப் பற்றி நீங்கள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்! ஜூரி 8-க்கு 1 என்று அவரை விட்டுவிட, நீதிபதி அதை ஏற்காமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்பிய கதை. இங்கே அது நடக்காது. கிரிமினல் வழக்கில் ஜூரி "குற்றவாளி இல்லை" என்று சொல்லிவிட்டால் அதோடு சரி. நீதிபதி அதை மாற்ற முடியாது, அரசாங்கம் அப்பீல் போக முடியாது. ஒரே குற்றத்துக்கு ஒருவரை இரண்டு தடவை விசாரிக்கக் கூடாது என்று இந்த நாட்டு அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம் சொல்கிறது.

இவர்களுடைய அரசியலமைப்பைப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள். நம்முடையது 395 ஷரத்துகளோடு பிறந்தது. இது 1787-ல் எழுதியது, மொத்தமே ஏழு ஷரத்து, பின்னால் சேர்ந்த திருத்தம் 27. சட்டைப் பையில் அடங்குகிற புத்தகமாக விற்கிறார்கள். அதற்குள் ஜூரியைப் பற்றி மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. ஏழாவது திருத்தத்தில், சிவில் வழக்கின் மதிப்பு 20 டாலருக்கு மேல் இருந்தால் ஜூரி கேட்கலாம் என்று இருக்கிறது. 1791-ல் போட்ட தொகை இன்னும் அப்படியே நிற்கிறது. மாற்ற வேண்டுமானால் இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், அப்புறம் 50 மாநிலத்தில் 38 தலையாட்ட வேண்டும். இருபது டாலருக்காக யார் அந்தப் பாடு படுவார்கள்? தமாஷ் என்னவென்றால், டெக்சாஸில் ஜூரிக்கு முதல் நாள் படியும் அதே 20 டாலர்தான்!

ஆனால் பாடுபட்ட ஒருவர் இதே ஆஸ்டினில் இருந்திருக்கிறார். நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்களுக்குத் தாங்களே சம்பளத்தைக் கூட்டிக்கொண்டால், அடுத்த தேர்தல் முடிந்த பிறகுதான் அது அமலுக்கு வர வேண்டும் என்று 1789-ல் ஒரு திருத்தம் அனுப்பினார்கள். போதிய மாநிலங்கள் ஒப்புக்கொள்ளாமல் அது தூங்கிவிட்டது. 1982-ல் இங்கே பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர், அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று கட்டுரை எழுதினார். வாத்தியார் 'சி' போட்டார். பையன் விடவில்லை. மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதித் தள்ளி, 1992-ல் அதை இருபத்தேழாவது திருத்தமாக ஆக்கிவிட்டார். பல்கலைக்கழகம் 2017-ல் மார்க்கை 'ஏ' என்று திருத்தியது. கோர்ட்டில் வேலை பார்த்து, முப்பது வருஷம் இழுத்த பாகப்பிரிவினை வழக்கெல்லாம் பார்த்தவர் நீங்கள், 202 வருஷம் இழுத்த கட்டு எப்படி?

சரி, கோர்ட்டுக்கு வருகிறேன்.

நான் போனது மாநிலக் கோர்ட். திருட்டு, அடிதடி, கொலைகூட இங்கே பெரும்பாலும் மாநிலத்தின் சட்டம்தான். ஐம்பது மாநிலத்துக்கும் ஐம்பது தண்டனைச் சட்டம். அங்கே நாடு முழுக்க ஒரே புத்தகம், அதுவும் இந்த ஜூலையில் மாறி, நீங்கள் மனப்பாடமாக வைத்திருந்த 420 இப்போது 318 ஆகிவிட்டதாமே. மாப்பிள்ளை படித்துச் சொன்னார். இனிமேல் ஏமாற்றுக்காரனை எப்படித் திட்டுவீர்கள்? இன்னொன்று, இங்கே நீதிபதியும் தேர்தலில் நின்று ஜெயித்தவர், அதுவும் கட்சிப் பெயரோடு. இந்த மாதம் 5-ஆம் தேதி ஓட்டுப் போடப் போனேன். சீட்டு ஜனாதிபதியில் ஆரம்பித்து, ஷெரீப், நீதிபதிகள், ரயில்ரோடு கமிஷன் என்று நீண்டுகொண்டே போகிறது. அந்தக் கமிஷனுக்கும் ரயிலுக்கும் இப்போது சம்பந்தம் இல்லை, எண்ணெயையும் எரிவாயுவையும் பார்த்துக்கொள்கிறது. பெயரை மட்டும் மாற்றவில்லை. நீதிபதி கட்சிச் சீட்டில் வருவது எனக்கு இன்னும் ஒப்பவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அறுபது பேரை ஆளுக்கொரு எண் அட்டையோடு வரிசையாக நிறுத்தினார்கள். எனக்கு 23. நீதிபதி வரும்போது எல்லாரும் எழுந்து நிற்பது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் நாங்கள் உள்ளே நுழைந்தபோது அரசு வக்கீல், எதிர்த்தரப்பு வக்கீல், குற்றம் சாட்டப்பட்டவர் எல்லாரும் எழுந்து நின்றார்கள். என் முன்னால் போனவர் காலில் ரப்பர் செருப்பு. அவருக்கும் சேர்த்துத்தான் அந்த மரியாதை. உங்கள் கோர்ட் டவாலி பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

குற்றம் சாட்டப்பட்டவர் சின்னப் பையன். சட்டை இரவல் போல, கழுத்துப் பட்டிக்குள் இரண்டு விரல் விடலாம். வக்கீல் அரசாங்கச் செலவில் வந்தவர். இதற்குப் பின்னால் ஒரு மனு இருக்கிறது, உங்களுக்குப் பிடிக்கும். ஃபுளோரிடாவில் கிடியன் என்று ஒரு ஏழை, பில்லியர்ட்ஸ் கடையில் திருடினார் என்று 1961-ல் பிடித்தார்கள். வக்கீல் வைக்கக் காசு இல்லை, கோர்ட்டும் கொடுக்க மறுத்துவிட்டது. தானே வாதாடித் தோற்று, ஐந்து வருஷம் தண்டனை. ஜெயில் தாளில் பென்சிலால் சுப்ரீம் கோர்ட்டுக்கு மனு எழுதினார். ஒன்பது நீதிபதிகளும் 1963-ல் ஒரே குரலில், ஏழைக்கு மாநிலம்தான் வக்கீல் வைக்க வேண்டும் என்றார்கள். வக்கீலோடு மறுவிசாரணை நடந்தது, விடுதலை ஆகிவிட்டார். ஓரம் விடவில்லை, ஸ்டாம்ப் ஒட்டவில்லை என்று நீங்கள் எத்தனை மனுவைத் திருப்பியிருப்பீர்கள்! பென்சிலில் வந்திருந்தால் தொட்டாவது பார்த்திருப்பீர்களா?

அறுபதிலிருந்து பன்னிரண்டைப் பொறுக்குவதற்குத்தான் பகல் முழுக்க ஆனது. வக்கீல்களே எங்களைக் கேள்வி கேட்கிறார்கள். "போலீஸ் சொன்னால் அப்படியே நம்பிவிடுவீர்களா?" "உங்கள் வீட்டில் எப்போதாவது திருடு போயிருக்கிறதா?" அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் மெதுவாக நடந்து வந்து கேட்டார்: "என் கட்சிக்காரர் கூண்டில் ஏறாமலே இருக்கலாம். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருக்கலாம். அதை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்வீர்களா?"

என்னை அறியாமல் 23-ஆம் எண் அட்டை மேலே போய்விட்டது.

அதுவும் ஐந்தாவது திருத்தம்தான், அப்பா. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. பேசாமல் இருந்ததைக் காட்டி அரசு வக்கீல் வாதாடவும் கூடாது. நம் அரசியலமைப்பிலும் அதற்கு 20(3) ஷரத்து இருக்கிறது, நீங்கள் கரடியாகக் கத்திச் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் நம் வீட்டு வாசற்படிக்கு உள்ளே அது செல்லாதே! "தப்பு பண்ணாதவன் எதுக்கு வாயை மூடிக்கிட்டு நிக்கான்?" என்று கேட்டுக்கேட்டு வளர்ந்தவள் நான். அதைத்தான் சொன்னேன், என் அப்பா கோர்ட்டில் வேலை பார்த்தவர், வாய் திறக்காதவன்தான் குற்றவாளி என்பார் என்று. அறை முழுக்கச் சிரிப்பு. நீதிபதி சிரிக்காமல், "அந்த எண்ணத்தை ஒதுக்கி வைக்க முடியுமா?" என்றார். முயற்சி செய்கிறேன் என்றேன். "முயற்சி போதாது, முடியுமா முடியாதா?" என்றார். பொய் சொல்ல மனம் வரவில்லை. சாயங்காலம் படித்த பன்னிரண்டு எண்களில் 23 இல்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உங்கள் ஹீரோ பேனாதான் ஞாபகம். நிப்பு வளைந்து அண்ணனின் புத்தகப் பைக்குப் பக்கத்தில் கிடந்ததே, அந்தப் பேனா. நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள், அவன் வாயே திறக்கவில்லை. முற்றத்தில் ஒரு மணி நேரம் முட்டி போட வைத்தீர்கள்.

அப்பா, அந்தப் பேனாவால் சிமெண்டுத் தரையில் கோலம் போட்டுப் பார்த்தது நான். அண்ணன் அதைக் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முற்றத்தில் இருந்த நேரமெல்லாம் நான் அடுப்பங்கரையில் அம்மா துருவிய தேங்காயைத் தின்றுகொண்டிருந்தேன். முப்பத்தாறு வருஷம் ஆகிவிட்டது. காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவாக இதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாம்ப் ஒட்டவில்லை. பொங்கலுக்கு அண்ணன் வரும்போது இந்தக் கடிதத்தை அவன் கையில் கொடுங்கள்.

உங்கள் மகள்,
கோமதி