மாரிக்கு விறகும் வீட்டுத்திட்ட வீடுகளும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆடி பிறந்து கச்சான் காற்று வீசிக்கொண்டிருக்கிறது. ஆனால் எங்கள் உப்புவெளி, சாம்பல்தீவுப் பக்கம் மாரிக்கென்று விறகு அடுக்கி வைத்திருக்கிற வளவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கேட்டால் காஸ் இருக்கிறதே என்கிறார்கள். 2022 சித்திரையில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்குப் போனதும், காசைக் கையில் வைத்துக்கொண்டே வெற்றுச் சிலிண்டரை வீதியோரம் வரிசையில் விட்டுவிட்டுக் காத்துக்கிடந்ததும் அதற்குள் மறந்துபோயிற்றா? 2025 கார்த்திகையில் டித்வா புயலோடு மாவிலாற்றுக் கட்டும் உடைத்து மூதூர்ப் பக்கம் வெள்ளம் ஏறியதே, அப்படியொரு நேரத்தில் அரிசியும் பருப்பும் யாராவது கொண்டுவந்து தருவார்கள், சரி, அதை எதை எரித்து அவிப்பது?

நம் ஊருக்கு மழை ஐப்பசியில் தொடங்கி வாடைக்காற்றோடு வடகிழக்கிலிருந்து வருகிறது. அதற்கு முன் மாதக்கணக்கில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் வறண்ட கச்சான்தான் விறகைக் காயவைக்கும், வெயில் மட்டும் போதாது. அதனால் விறகுக் கொட்டிலின் கச்சான் பக்கத்தைத் திறந்துவிட்டு, வாடைப் பக்கத்தைக் கிடுகாலோ தகரத்தாலோ அடைக்க வேண்டும். பழைய ஆட்கள் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்தார்கள். இப்போது என்ன நடக்கிறதென்றால், முதல் மழை விழுந்த பிறகு ஒரு உழவு இயந்திரப் பெட்டி விறகை வாங்கி, குசினிச் சுவரோடு வெறும் நிலத்தில் கொட்டி, தறப்பாளால் தலை முதல் கால் வரை போர்த்திக் கட்டிவிடுகிறார்கள். உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கிறது. கறையான் விறகைத் தின்றுவிட்டு அப்படியே சுவரேறிக் கதவு நிலைக்கும் போய்விடுகிறது. அடியில் இரண்டு வரி புளொக் கல், சுவருக்கும் விறகுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, தறப்பாள் மேலே மட்டும். இவ்வளவு செய்தாலே போதும். பிளந்த விறகைப் பட்டை மேலே பார்க்க அடுக்கினால் சாரல் பட்டாலும் ஓடிவிடும். குவித்துப் போட்டால் புடையன் பாம்புக்கும் சுருட்டைப் பாம்புக்கும் நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி, இருட்டில் அதற்குள் கைவிடுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான்.

பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். ஈர விறகு விற்கிறவர் தண்ணீரையும் சேர்த்துத்தான் விற்கிறார். அடுப்பில் வைத்தால் முதல் சூடெல்லாம் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போகிறது, பிறகு புகை, கண்ணெரிவு, இருமல். வாங்கும்போது இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள், காய்ந்தது டங்கென்று கேட்கும், வெட்டுமுகத்தில் வெடிப்பும் இருக்கும். நோர்வேயில் இருக்கிற என் பெறாமகன் சொல்வான், அங்கே குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் விறகை இளவேனிலிலேயே பிளந்து அடுக்கிவிடுவார்களாம், ஈரம் 20 வீதத்துக்குக் கீழே வந்தால்தான் எரிப்பார்களாம், அதைப் பார்க்க ஒரு சின்ன மீற்றர்கூட இருக்கிறதாம். நமக்கு மீற்றர் வேண்டாம், கச்சானை வீணாக்காமல் இருந்தால் சரி.

நான் எழுத வந்தது இதற்குத்தான். வீட்டுத்திட்டம் என்று கட்டிக்கொடுக்கும் வீடுகள் பலவற்றில் விறகு வைக்க ஒரு மூலைகூட இல்லை. கூரை சுவரோடு நின்றுவிடுகிறது, தாழ்வாரம் கிடையாது, அடுப்புக்கு மேலே முன்பு இருந்த பரணும் இல்லை, அடுத்த நாள் விறகு அந்தப் பரணில்தான் சூடேறிக் கிடக்கும். சனங்கள் குடிபுகுந்த கையோடு கடன்பட்டுத் தகரம் வாங்கிப் பின்னால் இறக்குகிறார்கள், அதுவும் முதல் வாடைக்கே பறக்கிறது. நாலு தூணும் ஆறு தகரமும் கொண்ட ஒரு பத்தியை வீட்டு வரைபடத்திலேயே சேர்த்துவிட்டால் செலவு அப்படியொன்றும் பெரிதாகாது. அடுத்த தொகுதி வீடுகளுக்கு அத்திவாரம் வெட்டுவதற்கு முன் பிரதேச செயலகங்களில் இருப்பவர்கள் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.